எங்கள் கறித்தூளும் மற்றவர்களின் கறித்தூளும்: பொருளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஏ9 வீதியில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் ஒரு தரம் நிற்கும். கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் வரிசையாகக் கச்சான் கடைகள். எல்லாரிடமும் இருப்பது மணலில் வறுத்த அதே கச்சான், விலையும் அநேகமாக ஒன்றுதான். ஆனாலும் என் மாமி எப்போதும் ஒரே கடைக்குத்தான் போவார். ஏன் என்று கேட்டேன். "அவ சுண்டைக் கூம்பி அளப்பா, பிள்ளை. மற்றவை தட்டி அளப்பினம்" என்றார். அளக்கிற சுண்டுப் பேணி மேலே குவிந்து நிற்க அள்ளிக் கொடுப்பாராம்.

அந்தக் கடைக்காரியிடம் போய் உங்கள் கச்சானின் சிறப்பு என்ன என்று கேட்டால் நல்ல வறுவல், புதுக் கச்சான் என்றுதான் சொல்லியிருப்பார். சுண்டு கூம்பி நிற்பது அவர் வாயில் வந்திருக்காது. விற்பவருக்குத் தெரியும் சிறப்பும் வாங்குபவர் பார்க்கும் சிறப்பும் இப்படி விலகி நிற்கும் என்பது, எங்கள் தூளை மற்றவர்களுடையதோடு ஒப்பிடத் தொடங்கியபோதுதான் எனக்கு விளங்கியது.

நானும் மச்சாளும் கிளிநொச்சிப் பக்கம் வீட்டில் வறுத்து அரைத்த கறித்தூள் செய்து கடைகளுக்குப் போடுகிறோம். முதல் முறை ஒப்பீடு செய்தபோது ஒரு கொப்பியில் பதினாலு வரி எழுதி, எங்கள் பக்கம் பதினாலுக்கும் சரி அடையாளம் போட்டோம். போட்டிப் பொருளுக்கு ஐந்தோ ஆறோதான் கிடைத்தது. பெருமையோடு அதைக் கொண்டுபோய் நாங்கள் தூள் போடுகிற கடை ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "பிள்ளை, இதில எதைக் கேட்டு ஆர் கடைக்கு வந்தது?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்ட முறை இது. தூளை வைத்துச் சொல்கிறேன். தயிர், ஒடியல் மா, தேன், தைத்த சட்டை என்று எதற்கும் இதே வழிதான்.

படி 1: உண்மையான போட்டி யார் என்று கண்டுபிடியுங்கள்

கடைத் தட்டில் உங்கள் பக்கற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் பக்கற்றுத்தான் போட்டி என்று நினைப்பது இயல்பு. நாங்களும் கொழும்புக் கொம்பனித் தூளைத்தான் எதிரியாக வைத்திருந்தோம்.

இதைச் சரிபார்க்க ஒரு கேள்வி போதும். வழக்கமாக வாங்குகிறவர்களிடம், "எங்கட தூள் கிடைக்காட்டி என்ன செய்வீங்கள்?" என்று கேளுங்கள். எது பிடிக்கும், எது நல்லது என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் முகத்துக்காக உங்களுடையதுதான் நல்லது என்பார்கள். நாங்கள் இருபது பேரிடம் கேட்டோம். பதினொரு பேர், "செத்தலும் மல்லியும் வேண்டி வறுத்து மில்லில குடுத்து அரைப்பம்" என்றார்கள். நான்கு பேருக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மாவோ அக்காவோ அனுப்புவார்களாம். கொம்பனிப் பக்கற் என்றவர்கள் மூன்று பேர்தான். மற்ற இருவரும் வேறொரு வீட்டுத் தயாரிப்பைச் சொன்னார்கள்.

ஆக எங்கள் பெரிய போட்டி ஒரு பக்கற்றே இல்லை, மில். இது தெரியாமல் நாங்கள் பக்கற்றின் படத்தையும் நிறத்தையும் பற்றி இரண்டு மாதம் யோசித்திருக்கிறோம்!

ஒப்பீட்டுக்கு மூன்று அல்லது நான்கு பேரை எடுங்கள். அதற்கு மேல் எடுத்தால் அட்டவணை பெருகும், வேலை முடியாது.

படி 2: எதை ஒப்பிடுவது என்பதை வாங்குபவரின் வாயிலிருந்து எடுங்கள்

ஒரு வாரம் கொப்பியோடு திரியுங்கள். கடையில், கிணற்றடியில், கோயில் வாசலில் தூளைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவர்கள் சொன்ன மாதிரியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். எங்கள் கொப்பியில் இருந்து சில:

"மாரிக்குக் கட்டி பட்டுப் போச்சு."
"மீன் கறிக்கு நல்லம், மரக்கறிக்கு உறைப்புக் கூட."
"பை கிழிச்சா மூடேலாது."
"மகன் கனடாவுக்குப் போறான், ரெண்டு கிலோ ஒரே பையில தருவீங்களோ?"
"முன்னம் வேண்டின மாதிரி இப்ப இல்லை."

கடைசி வரிதான் எனக்குப் பயம் தந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே சுவை வருகிறதா என்பது எங்கள் பதினாலு வரியில் எங்கேயும் இருக்கவில்லை.

இந்தப் பேச்சுகளை அளக்கக்கூடிய வரிகளாக மாற்றுங்கள். "கட்டி பட்டுப் போச்சு" என்பது, திறந்து எத்தனை நாளில் கட்டி பிடிக்கிறது என்று மாறும். "மூடேலாது" என்பது பையைத் திரும்ப மூட முடியுமா என்று மாறும். அளக்கவே முடியாத வரியை (பாரம்பரியச் சுவை, தரமானது) இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

பிறகு வரிகளைத் தரம் பிரிக்க வேண்டும். 1984இல் நொரியாக்கி கானோ என்ற ஜப்பானியப் பேராசிரியரும் அவரோடு வேலை செய்தவர்களும் எழுதிய ஒரு முறை இதற்கு நல்ல உதவி. ஒவ்வொரு அம்சத்துக்கும் இரண்டு கேள்வி: அது இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும், இல்லாவிட்டால் எப்படி இருக்கும்? தூளில் வண்டு இல்லாததற்காக ஒருவரும் பாராட்டமாட்டார்கள், வண்டு இருந்தால் அன்றோடு சரி. இது இருந்தே ஆக வேண்டிய வகை. வாசம் போன்றவை கூடக்கூட மகிழ்ச்சி, குறையக்குறையக் கோபம்; விலை என்றால் மறுவளம். இன்னொரு வகை, இல்லாவிட்டால் ஒருவரும் தேடாதது, இருந்தால் முகம் மலர வைப்பது. எங்களிடம் மரக்கறிக்கு என்று உறைப்புக் குறைந்த தூள் அப்படித்தான் வந்தது. இன்றைக்கு முகம் மலர வைப்பது நாளைக்கு எல்லாரும் எதிர்பார்ப்பதாக மாறிவிடும் என்பதையும் கானோவைப் படிப்பவர்கள் சொல்வார்கள். திரும்ப மூடும் சிப் பை அப்படி மாறிக்கொண்டிருப்பதை நாங்களே பார்க்கிறோம்.

படி 3: போட்டிப் பொருளைக் காசு கொடுத்து வாங்குங்கள்

கேள்விப்பட்டதை வைத்து எழுதாதீர்கள். கடைக்குப் போய் வாங்குங்கள், ஒன்று போதாது, ஐந்து பக்கற்றாவது வேண்டும். தட்டின் முன்வரிசையிலும் பின்வரிசையிலும் எடுங்கள். மிளகாயின் சிவப்பு வெளிச்சத்திலும் காற்றிலும் மங்கும். மேற்குப் பார்த்த கடையில் பின்னேர வெயில் நேராக முன்வரிசையில்தான் விழும். ஒரே நாளில் வந்த இரண்டு பக்கற் இரண்டு நிறமாக இருந்ததைக் கண்ட பிறகுதான், வெளியில் தெரிகிற பை நல்லதா, தெரியாத பை நல்லதா என்ற கேள்வியே எங்களுக்கு வந்தது. சனத்துக்குத் தூளைக் கண்ணால் பார்க்க வேண்டும், தூளுக்கோ வெளிச்சம் ஆகாது. கடைசியில் முன்பக்கம் ஒரு சின்னச் சாளரம் மட்டும் விட்ட பைக்குப் போனோம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும், உடைக்க முன் லேபிளை முழுதாக வாசியுங்கள். சேர்மானங்களை நிறை கூடியதிலிருந்து குறைந்தது வரை எழுதுவது வழக்கம். கறித்தூளில் அரிசி மாவோ உப்போ முன்னுக்கு நின்றால் விலையின் இரகசியம் அங்கே இருக்கிறது. உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, நிறை, விலை எல்லாவற்றையும் எழுதி, கைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து லேபிள் மாறியிருக்கும். அப்போது இந்தப் படம் உதவும்.

நிறையைத் தராசில் போட்டுப் பாருங்கள், பையைத் தனியாக நிறுத்துக் கழிக்க வேண்டும். எங்களுடையதையும் சேர்த்துத்தான். எங்கள் 250 கிராம் பக்கற் ஐந்தில் ஒன்று 244 கிராம் நின்றது. கொம்பனிப் பக்கற் ஐந்தும் சரி. அன்று மச்சாள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த நாளே தராசை மாற்றினோம்.

விலையை 100 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். உதாரணத்துக்கு ஒரு பக்கற் 475 ரூபா, இன்னொன்று 390 ரூபா. கண்ணுக்கு இரண்டாவது மலிவு. முதலாவது 250 கிராம், அதாவது 100 கிராம் 190 ரூபா. இரண்டாவது 200 கிராம், 100 கிராம் 195 ரூபா. இரண்டு பையும் பார்வைக்கு ஒரே உயரம்.

மில்லுக்கும் விலை போட வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். நாங்கள் கணக்குப் பார்த்த நாளில் செத்தல், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், நற்சீரகம் எல்லாம் சேர்த்து 2 கிலோ சாமான் 2700 ரூபா. அரைகூலி 200, விறகுக்கும் பஸ்ஸுக்குமாக 100. மொத்தம் 3000. வறுத்தால் ஈரம் போகும், மில்லிலும் கொஞ்சம் ஒட்டும். கையில் வந்தது 1.8 கிலோ. 100 கிராம் ஏறக்குறைய 167 ரூபா. எங்களுடையது 210. 43 ரூபா வித்தியாசம். அதற்குப் பதிலாக வாங்குகிறவருக்குக் கிடைப்பது அரை நாள், தும்மல் இல்லாத ஒரு காலை. அந்த அரை நாளுக்கு வேறு வேலை இருக்கிறவர் எங்களிடம் வருவார், இல்லாதவர் வரமாட்டார். இதை நாங்கள் முதலே கணக்குப் போட்டிருந்தால் எந்தக் கடைக்குப் போடுவது என்ற முடிவே வேறாக இருந்திருக்கும்.

படி 4: சுவையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடுங்கள்

எங்கள் வாய்க்கு எங்கள் தூள்தான் ருசி. அதில் நியாயம் கிடையாது. இதற்கு உணவுச் சோதனைக்காரர் செய்யும் ஒரு முறை வீட்டிலும் செய்யலாம், முக்கோணச் சோதனை என்பார்கள். மூன்று கிண்ணம், இரண்டில் ஒரே தூள், ஒன்றில் மற்றது. எது வேறு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

செய்யும் விதம் முக்கியம். தூளை நாக்கில் வைத்தால் இரண்டாவது கிண்ணத்திலேயே நாக்கு மரத்துவிடும். ஆகவே ஒரே அளவு உருளைக்கிழங்கு, ஒரே உப்பு, ஒரே தேங்காய்ப்பால், ஒரே அளவு தூள் போட்டு இரண்டு சட்டியில் கறி வையுங்கள். சட்டி இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கிண்ணங்களில் 1, 2, 3 என்று எழுத வேண்டாம், ஒன்று என்றால் முதலிடம் என்று மனம் சாயும். 417, 862, 295 என்று ஏதாவது எண் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் கிண்ணங்களின் வரிசையை மாற்றுங்கள். ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் தண்ணீரும் ஒரு துண்டு பாணும். பக்கத்தில் இருந்து "உறைக்குதோ?" என்று கேட்கக் கூடாது. எங்கள் மாமாவை இதற்காகவே கடைக்கு அனுப்ப வேண்டியதாய்ப் போயிற்று.

கணக்கு இப்படி. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்வார். அதனால் 12 பேரில் 4 பேர் சரியாகச் சொன்னதை வைத்து ஒன்றும் பேச முடியாது. 12 பேரில் 8 பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்மையில் தெரிகிறது என்று எடுப்பார்கள். 9 பேர்தான் கிடைத்தால் 6 பேர் வேண்டும், 18 பேர் என்றால் 10.

கொம்பனித் தூளோடு வைத்தபோது 12 பேரில் 10 பேர் வேறுபாட்டைக் கண்டுபிடித்தார்கள். நல்லது. அப்புறம் பக்கத்து ஊர் அக்கா ஒருவர் வீட்டில் செய்கிற தூளோடு வைத்தோம். 6 பேர். அதாவது எங்கள் தூளுக்கும் அவருடையதுக்கும் சாப்பிடுகிறவருக்கு வித்தியாசம் தெரிகிறது என்று சொல்ல முடியவில்லை. நாலு வருடமாக "எங்கட கைப்பக்குவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்த மேசையில் அப்படியே சரிந்தது.

இன்னொன்று. இந்தச் சோதனை வித்தியாசம் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும், எது பிடித்தது என்று சொல்லாது. அதற்கு வேறொரு நாள் இரண்டே கிண்ணம் வைத்துத் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே மேசையில் கலந்தால் இரண்டும் பிழையாகிவிடும்.

நிறத்தைப் பார்க்கும்போது வெள்ளைப் பீங்கானில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அரைவின் மென்மைக்கு ஒரே அரிதட்டில் ஒரே அளவு அரித்து மேலே நிற்கும் கப்பியை நிறுக்கலாம். கட்டி பிடிப்பதற்கு, எல்லாப் பக்கற்றையும் ஒரே நாளில் திறந்து, வீட்டில் எப்படிப் பாவிப்போமோ அப்படி அடுப்படியில் வைத்து நாள் எண்ணுங்கள். இதை மாரியில் செய்தால்தான் பிரயோசனம்.

படி 5: அட்டவணையில் சரி அடையாளம் போடாதீர்கள்

எண்ணோ சொல்லோ எழுதுங்கள். எங்களுடையதன் ஒரு பகுதி:

| | எங்கள் தூள் | கொம்பனிப் பக்கற் | மில்லில் அரைப்பது |
|---|---|---|---|
| 100 கிராம் விலை | 210 ரூபா | 190 ரூபா | 167 ரூபாவும் அரை நாளும் |
| வாங்கும்போது அரைத்து எத்தனை நாள் | 9 | 74 | 1 |
| 250 கிராமில் ஆகக் குறைந்த நிறை | 244 | 250 | பொருந்தாது |
| மாரியில் கட்டி பிடித்தது | 12ஆம் நாள் | 30 நாளிலும் இல்லை | போத்தலில் 20ஆம் நாள் |
| திறந்தபின் மூடுவது | றப்பர் பாண்ட் | சிப் | போத்தல் |
| உறைப்பு | 2 வகை | 1 வகை | விரும்பியபடி |

சரி அடையாளம் போட்டிருந்தால் "காற்றுப் புகாத பை" என்ற வரியில் எல்லாருக்கும் ஒன்று விழுந்திருக்கும். 12ஆம் நாள் என்று எழுதும்போதுதான் வலிக்கிறது.

சிலர் ஒவ்வொரு வரிக்கும் அது எவ்வளவு முக்கியம் என்று ஒரு நிறை கொடுத்து, புள்ளி போட்டு, மொத்தம் கூட்டுவார்கள். படி 2இல் எத்தனை பேர் அந்த விடயத்தைச் சொன்னார்கள் என்பதை நிறையாக வைத்தால் ஓரளவு நியாயம். ஆனால் எனக்கு மொத்தப் புள்ளியில் நம்பிக்கை குறைவு. நிறையைக் கொஞ்சம் இங்கும் அங்கும் மாற்றினால் யாரையும் முதலாவதாக்கலாம். வண்டு விழுந்த தூள் மற்ற வரிகளில் எடுத்த புள்ளியால் முன்னுக்கு வரவும் அது வழிவிடும்.

படி 6: எதைத் திருத்துவது, எதை விடுவது

முதலில் இருந்தே ஆக வேண்டிய வகையில் தோற்ற வரிகள். எங்களுக்கு அது நிறையும் கட்டியும். புதுத் தராசு, தடித்த சிப் பை, வறுத்த சாமானை முழுதாக ஆறவிட்டு அரைப்பது. சூட்டோடு அடைத்தால் பைக்குள் வியர்க்கும், அந்த ஈரம்தான் கட்டிக்குப் பாதிக் காரணம். ஈரம் பட்ட மிளகாயில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடொக்சின் என்ற நச்சும் வரலாம் என்பதால் இதில் விளையாட முடியாது.

பிறகு, வெல்லவே முடியாத வரிகளை விட்டுவிடுங்கள். விலையில் மில்லை நாங்கள் வெல்லமாட்டோம். விலையைக் குறைத்தால் சாமானைக் குறைக்க வேண்டும், அப்போது பக்கத்து ஊர் அக்கா வெல்வார்.

முன்னுக்கு நிற்கும் வரி எது? அரைத்து 9 நாள் என்பது. கொம்பனியால் அது கொழும்பில் இருந்து வந்து சேரும் தூரத்தில் முடியாது. நாங்கள் அரைத்த திகதியைப் பையின் முன்பக்கம் பெரிதாக அடித்தோம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு 1 கிலோ, 2 கிலோ பை. கூலி வேலைக்காரருக்கு 50 கிராம். அந்தச் சின்னப் பை முறிகண்டிக் கச்சான்காரியிடம் படித்தது, கொஞ்சம் கூம்பித்தான் அடைக்கிறோம்.

"உள்ளூர் மிளகாய்" என்று போடலாமா என்று மச்சாளுக்கு ஆசை. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் வன்னியில் மிளகாய் போட்டுக் கல்வீடு கட்டியவர்களின் கதை எல்லா வீட்டிலும் உண்டு. இன்றைக்குச் சந்தையில் கிடைக்கும் செத்தலில் பெரும்பங்கு இந்தியாவில் இருந்து வருவது. எங்கள் மூட்டைகளையும் பார்த்தோம், பாதிக்கு மேல் அதுதான். வருடம் முழுக்க உள்ளூர்ச் செத்தல் வாங்க வழி பிடிபடும்வரை அந்த வரி பையில் வராது.

படி 7: வெளியில் சொல்லும்போது

இந்த அட்டவணை உங்கள் வீட்டுக்கு. முகநூலில் அப்படியே போட்டு, இன்ன கொம்பனித் தூளை விட எங்களுடையது திறம் என்று பெயர் சொல்லி எழுத வேண்டாம். போட்டியாளரைப் பொய்யான கூற்றால் தாழ்த்துவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நேர்மையற்ற போட்டிக்குள் வரும். அதே ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது. "அரைத்து இத்தனை நாள்" என்று உங்கள் எண்ணை மட்டும் சொன்னால் ஒருவரும் கேள்வி கேட்க முடியாது. "இரசாயனம் சேர்க்காதது" என்பதை எல்லாரும்தான் போடுகிறார்கள், அதைப் படித்து யாரும் பை மாற்றுவதாக நான் காணவில்லை.

படி 8: திரும்பச் செய்யுங்கள்

நாங்கள் வருடத்துக்கு இரண்டு தரம் செய்கிறோம், மாரி தொடங்க முன்னம் ஒன்று, பொங்கலுக்குப் பிறகு ஒன்று. செத்தல் விலை சடாரென்று ஏறினால் இடையில் விலை வரியை மட்டும் புதுப்பிப்போம். கொப்பியில் பழைய பக்கத்தைக் கிழிக்காதீர்கள். திகதியோடு கிடக்கட்டும்.

போன முறை புது அட்டவணையைக் கடை ஐயாவிடம் கொண்டுபோனேன். கட்டி வரியைப் பார்த்து, "இது 26ஆம் நாளுக்குப் போயிட்டுது, பரவாயில்லை" என்றார். பிறகு பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரி பிள்ளை. திகதி எழுத்து என்ர கண்ணுக்குத் தெரியேல்லை."

கொப்பியில் அதையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டு வந்தேன்.